குளிர்காலத்தில் கிளப் கயாக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கயாக் என்ற குறுகலான துடுப்புப் படகு ஓட்டும் இங்கிலாந்தின் கிளப்புகள் குளிர்காலத்தில் பூட்டிக் கிடப்பதில்லை. டிவைசிஸ் என்ற ஊரிலிருந்து லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் வரை 125 மைல் தூரம் துடுப்பு போடும் போட்டி ஒன்று உண்டு. 1948-இல் தொடங்கிய இந்தப் போட்டி ஈஸ்டரை ஒட்டி நடக்கும். அதற்குத் தயாராகிறவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான் முக்கியமான பயிற்சி மாதங்கள். போட்டிக்குப் போகாதவர்களும் ஞாயிறு காலை ஒரு சுற்று போய்வராமல் இருக்க மாட்டார்கள். இவர்களில் பலருக்குச் சொந்தப் படகு கிடையாது. கிளப் ரேக்கில் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், வந்ததும் அதே இடத்தில் வைத்துவிடுவார்கள்.

குளிர்காலப் பாதுகாப்பையும் படகுப் பராமரிப்பையும் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம். ஒன்றுக்குப் பயிற்சியாளர் பொறுப்பு, இன்னொன்றுக்குப் படகுக் கொட்டகையைக் கவனிப்பவர் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். இப்படிப் பிரித்து வைப்பதையே முதல் தவறு என்று சொல்வேன். குளிர்ந்த நீரில் கவிழ்ந்தவருக்குக் கை, கால் சொன்னபடி கேட்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் அவர் படகு மிதக்குமா, சுக்கான் திரும்புமா என்பது, போன வாரம் அதே படகில் போனவர் அதை எப்படி வைத்துவிட்டுப் போனார் என்பதைப் பொறுத்தது.

வெயிலைப் பார்த்து உடுத்துவது

மார்ச் மாதத்தில் திடீரென்று ஒருநாள் வெயில் 15 டிகிரியைத் தொடும். டி-ஷர்ட்டும் மெல்லிய ஜாக்கெட்டும் போதும் என்று தோன்றும். ஆனால் ஆறு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. காற்று இதமாக இருக்கும் அதே நாளில் தண்ணீர் ஏழெட்டு டிகிரியில்தான் இருக்கும். உடை எப்போதும் தண்ணீருக்கானதாக இருக்க வேண்டும். துடுப்பு போடும்போது கொஞ்சம் வியர்த்தால் வியர்க்கட்டும்.

15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடல் முதலில் செய்வது ஒன்றே ஒன்றுதான்: வாயைத் திறந்து பெரிதாக மூச்சை இழுக்கும். இது நம் கட்டுப்பாட்டில் இல்லை. அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். அதன்பின் ஓரிரு நிமிடங்களுக்கு மூச்சு வேகவேகமாக வாங்கும், நெஞ்சு படபடக்கும். குளிர்ந்த நீரில் இறப்பவர்கள் எல்லாரும் உடல் விறைத்துத்தான் இறக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பலருக்கு அவ்வளவு நேரமே கிடைப்பதில்லை.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை '1-10-1' என்று நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை, கால் உருப்படியாக வேலை செய்ய ஏறக்குறைய 10 நிமிடம். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். பனிக்கட்டி போன்ற நீருக்குச் சொன்ன கணக்கு இது. ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் வரிசை மாறாது. முதல் நிமிடத்தில் நீந்த முயல வேண்டாம். பிரிட்டனின் கடல் மீட்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. சொல்வதும் அதேதான்: முதலில் மிதந்திருங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை மிதந்துவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

ஊரில் கிணற்றிலும் குளத்திலும் குதித்து நீச்சல் பழகியவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 'எனக்கு நல்லா நீந்த வரும்' என்ற தைரியம் 27 டிகிரித் தண்ணீரில் சம்பாதித்தது. 6 டிகிரியில் நன்றாக நீந்துபவரின் கைகளும் சில நிமிடங்களில் குவியாமல், மடங்காமல் போய்விடும். அதனால் 'பாயன்ஸி எய்ட்' எனும் மிதவைச் சட்டையைப் போடாமல் இறங்கவே கூடாது. பந்தயப் படகில் கைவீச்சுக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். போட்டால் மட்டும் போதாது. வார்களை இறுக்கிக் கட்டியபின், நண்பர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் அது காதுவரை ஏறிவரக் கூடாது.

உள்ளே பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை இழையோ சரி. டிரைசூட் என்ற நீர்புகா முழு உடை போடுபவர்கள் மறக்கும் விஷயம், அது தண்ணீரைத் தடுக்குமே தவிர வெப்பம் தராது என்பது. வெப்பம் உள்ளே போடும் உடையிலிருந்துதான் வர வேண்டும். ஜிப் முழுக்க மூடியிருக்கிறதா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். காலுக்கு மழை பூட்ஸ் கூடவே கூடாது. தண்ணீர் நிறைந்தால் கனக்கும், கால்தாங்கிக்கு அடியில் சிக்கிக்கொள்ளவும் செய்யும்.

கையுறையோடு சோதிக்காத ஸ்ப்ரே டெக்

ஆள் உட்காரும் படகின் வாயைத் தண்ணீர் புகாமல் மூடும் உறையான ஸ்ப்ரே டெக்கின் முன்பக்கத்தில் ஒரு பட்டை வளையம் இருக்கும். கவிழ்ந்தால் அதைப் பிடித்து முன்னால் தள்ளி மேலே இழுத்தால்தான் டெக் கழன்று ஆள் வெளியே வர முடியும். அவசரத்தில் மாட்டும்போது அந்த வளையம் டெக்குக்கு அடியில் மடங்கிப்போவது அடிக்கடி நடக்கிறது. தலைகீழாக, இருட்டுத் தண்ணீரில், மரத்துப்போன விரல்களோடு அதைத் தேடும் நிலை யாருக்கும் வரக் கூடாது. கரையை விட்டு விலகுமுன் வளையம் வெளியே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது.

கிளப்பின் பொது டெக்குகளில் இன்னொரு சிக்கல். சில புதிதாக, விறைப்பாக இருக்கும், சில தளர்ந்திருக்கும். கோடையில் எளிதாகக் கழன்றது, தடித்த கையுறையோடு கழலாது. அன்று போடப்போகும் கையுறையோடு, கரையிலேயே ஒருமுறை இழுத்துக் கழற்றிப் பாருங்கள். கழலவில்லையென்றால் வேறு டெக் எடுங்கள், அல்லது டெக் இல்லாமல் போங்கள்.

ஆறு என்ன சொல்கிறது என்று பார்க்காமல் போவது

தேம்ஸில் லண்டனின் மேற்கே உள்ள டெடிங்டனுக்கு மேலே, படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் லாக் இருக்கும் இடமெல்லாம் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு எச்சரிக்கைப் பலகை வைக்கிறது. மஞ்சள் என்றால் ஓட்டம் ஏறுகிறது அல்லது இறங்குகிறது. மோட்டார் இல்லாத படகுகள் போக வேண்டாம் என்பதே அதன் அறிவுரை. சிவப்பு என்றால் ஓட்டம் பலமாக இருக்கிறது, எந்தப் படகும் போக வேண்டாம். இதை இணையத்திலேயே பார்த்துவிடலாம். 'மஞ்சள் இறங்குமுகம்தானே' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஆற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கரையோரம் விழுந்து கிடக்கும் மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், மனிதர் போக முடியாது. லாக்குகளுக்குப் பக்கத்தில் தடுப்பணைகள் வேறு. குளிர்காலப் பெருக்கில் அவற்றின் இழுப்பு வழக்கத்தைவிட மேலேயே தொடங்கிவிடும்.

லண்டனில் டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். போனை நீர்புகா உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். படகின் பின்னறையில் வைத்த போன், படகு கைவிட்டுப் போனால் கூடவே போய்விடும்.

படகைக் காப்பாற்றப் போய் ஆளை விடுவது

இது பொதுப் படகுக்கே உரிய தவறு. கவிழ்ந்தவர் முதலில் 'ஐயோ, கிளப் படகு' என்றுதான் நினைக்கிறார். அது போய்விட்டால் யார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம். ஓட்டமில்லாத இடத்தில் படகைப் பிடித்துக்கொள்வது நல்லதுதான். அது மிதக்கும், தூரத்திலிருந்தும் தெரியும். ஆனால் கீழே தடுப்பணை இருக்கும்போதோ, மரத்தை நோக்கி ஓட்டம் இழுக்கும்போதோ விட்டுவிட வேண்டும். உதவிக்கு வருகிறவர்களும் முதலில் ஆள், அப்புறம்தான் படகும் துடுப்பும் என்று இருக்க வேண்டும். இதைக் கிளப் பொறுப்பாளர்கள் ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 'படகு போனால் போகட்டும், உங்களை யாரும் கேட்க மாட்டோம்' என்று மூத்தவர் ஒருவர் சொல்லிக் கேட்டவர்தான், தேவைப்படும்போது கையை விடுவார்.

காற்றுப்பையைக் கண்ணால் மட்டும் பார்ப்பது

பந்தயக் கயாக்குக்குள் முன்னும் பின்னும் காற்றுப்பைகளோ நுரைக்கட்டிகளோ இருக்க வேண்டும். இல்லாத படகு கவிழ்ந்தால் விளிம்புவரை நிறைந்து மூழ்கிக் கிடக்கும். உள்ளே போகும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் படகை, விறைத்த கையோடு யாரும் கரைக்கு இழுத்துவிட முடியாது.

வால்வு மெல்லக் கசியும் பை, பார்வைக்கு முழுதாகத்தான் தெரியும். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் அழுத்தியபின்னும் அதே எதிர்ப்பு இருந்தால் சரி. சூடான மூச்சால் ஊதிய பை குளிர்ந்த ஆற்றில் சுருங்கித் தளரும் என்பதால், கிளம்புமுன் திரும்பவும் ஒருமுறை ஊதுவது நல்லது. பை படகோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கட்டாத பை தண்ணீர் புகுந்ததும் வெளியே மிதந்து வந்துவிடும்.

அப்படியே சுக்கான் கம்பியை நுனிவரை விரலால் தடவுங்கள். இழை பிரிந்திருந்தால் முள் மாதிரி குத்தும். கால்தாங்கியின் திருகாணிகளையும் அசைத்துப் பாருங்கள். முந்தையவர் தன் காலுக்கு ஏற்றபடி தளர்த்திவிட்டு இறுக்க மறந்திருக்கலாம்.

தண்ணீரோடு தூக்குவது, தண்ணீரோடு வைப்பது

கவிழ்ந்த ஃபைபர் படகைத் தண்ணீர் நிறைந்தபடியே கரையில் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால், எடை முழுவதும் நடுவில் இறங்கி, உட்காரும் வாய்க்குப் பக்கத்தில் கீறல் விடும். முதலில் தண்ணீரில் வைத்தே பக்கவாட்டில் சாய்த்து முடிந்தவரை வெளியேற்ற வேண்டும். மிச்சத்தை, இருவர் இரு முனையைப் பிடித்துக் கவிழ்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கலாம்.

கால்வாயில் மெல்லிய பனித்தகடு படிந்திருந்தால் அதை உடைத்துக்கொண்டு போகும் ஆசையை அடக்குங்கள். அந்தத் தகட்டின் விளிம்பு நீர்மட்டக் கோட்டில் ஜெல்கோட் என்ற மேல்பூச்சை அறுத்துவிடும். கீறலுக்குள் நீர் இறங்கும். இரவில் உறையும்போது நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், இழைகளைப் பிரித்துவிடும். இதனால்தான் குளிர்காலத்தில் ஈரப் படகை அப்படியே ரேக்கில் ஏற்றக் கூடாது. கவிழ்த்து வடித்து, ஸ்பான்ஜால் உள்ளே துடைத்து, அடைப்பானைத் திறந்தே வைத்து, வாய் கீழே பார்க்க வைக்க வேண்டும்.

துடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெளியிலிருந்து வந்து நீர்நிலைகளைக் கெடுக்கும் உயிரினங்கள் ஈரப் படகோடு ஒட்டிக்கொண்டு பரவும். மிதக்கும் பென்னிவோர்ட் என்ற களை ஒரு நாளில் 20 சென்டிமீட்டர் வரை வளரும். 2010-இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட 'கொலைகார இறால்' ஈரமான இடுக்கில் பல நாள் உயிரோடு இருக்கும். ஒரே படகை இன்று கால்வாயிலும் நாளை ஆற்றிலும் இறக்கும் கிளப்புகளால்தான் இவை பரவும் அபாயம் அதிகம். பார், கழுவு, காயவை என்று பிரிட்டன் முழுக்கப் பிரசாரம் செய்கிறார்கள். குளிரில் காயவைப்பதுதான் கஷ்டம். அதனால் துணியால் துடைப்பதைத் தவிர்க்க முடியாது.

ஆனால் நனைந்து நடுங்கிக்கொண்டிருப்பவரை இந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள். அவர் முதலில் உள்ளே போய் உலர்ந்த துணி மாற்றட்டும், சூடாக ஏதாவது குடிக்கட்டும். தண்ணீரை விட்டு வந்தபின்னும் உடலின் உள்வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். கை, காலைத் தேய்ப்பதும் மது கொடுப்பதும் கெடுதல். பேச்சுக் குழறினாலோ, நடுக்கம் நின்றுபோய்ச் சோர்ந்தாலோ படுக்க வைத்துப் போர்த்திவிட்டு 999-ஐ அழையுங்கள். படகை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கீறலைச் சொல்லாமல் போவது

எல்லாவற்றிலும் எனக்கு வருத்தம் தருவது இதுதான். கல்லில் உரசியது தெரியும், ஆனால் எழுதி வைக்காமல் ரேக்கில் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். சோம்பலைவிட, திட்டு வாங்குவோமோ என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம். அடுத்த ஞாயிறு அந்தப் படகைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று எடுக்கும். ஆற்றின் நடுவில் இடுப்பருகே தண்ணீர் ஏறுவதைப் பார்த்துத்தான் அதற்கு விஷயமே தெரியவரும். சேதம் செய்தவரிடம் அபராதம் கேட்கும் கிளப்பில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சொன்னவருக்கு நன்றி சொல்லும் கிளப்பில் படகுகள் நீண்டநாள் உழைக்கும்.

படகின் வாயில் கட்ட 'எடுக்க வேண்டாம்' என்ற சிவப்பு அட்டைகள் சிலவற்றையும், ஒரு நோட்டையும் பேனாவையும் கதவருகே மாட்டி வையுங்கள். எந்தப் படகு, எந்த இடம், என்று நடந்தது என்ற மூன்று விவரம் போதும், பெயர் கூட வேண்டாம். அவசரத்துக்கு டேப் ஒட்டுகிறவர்கள் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, கொஞ்சம் சூடாக்கி ஒட்டுங்கள். ஈரமும் குளிருமான ஃபைபரில் டேப் பிடிக்காது. நிரந்தரமாகச் சரிசெய்ய, கணப்பு இல்லாத கொட்டகையில் ஜனவரியில் ரெசின் என்ற இறுகும் பிசினைப் பூச வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே அது சரியாக இறுகாது. யார் வீட்டு கராஜிலாவது ஹீட்டர் போட்டு ஓரிரு நாள் வைக்க முடிந்தால் செய்யலாம். இல்லையென்றால் வசந்தம் வரும்வரை அட்டையோடு ரேக்கிலேயே இருக்கட்டும்.