ஸ்டேஷனரி: எட்டாவது எழுத்து ஈயா, ஏயா?

பேனா, காகிதம், கோப்பு முதலியன விற்கும் கடைக்கு ஆங்கிலத்தில் பெயர்ப்பலகையோ பில் புத்தகமோ அடிக்கப் போகிறவர்கள், சென்னைப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு அச்சகத்தில் முன்பணம் கட்டுவதற்கு முன் சரிபார்க்க வேண்டிய எழுத்து ஒன்றே ஒன்றுதான்.

முதலில் எஸ், டி, ஏ, டி, ஐ, ஓ, என் என்ற ஏழு எழுத்துகளை எழுதிக்கொள்ளுங்கள். ராயபுரத்தில் 1856 முதல் இருந்துவரும் ரயில் நிலையத்தைக் குறிக்கும் ‘ஸ்டேஷன்’தான் இது, இதுவரை பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை.

அடுத்து, எந்தப் பொருளில் எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எட்டாவது எழுத்தாக ஈ வந்து, பின்னர் ஆர், ஒய் என முடிந்தால் எழுதுபொருள்கள் என்று பொருள். அதே இடத்தில் ஏ வந்தால் ‘நகராமல் நிற்கிற’ என்று பொருள். உச்சரிப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் காதை நம்பிப் பயனில்லை. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்களாதலால், கணினியும் பல வேளைகளில் பிழையைச் சுட்டாமல் விட்டுவிடும்.

இனி, காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மனப்பாடத்தைவிட இதுவே நிலைக்கும். இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பலர் ஊர் ஊராகச் சுற்றி விற்றபோது, ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் ‘ஸ்டேஷனர்’ எனப்பட்டார். இலண்டனில் இத்தொழிலினர் 1403-இல் சங்கம் அமைத்து, 1557-இல் அரச சாசனமும் பெற்றனர். பேக்கர் செய்வது பேக்கரியில் கிடைப்பதுபோல, ஸ்டேஷனர் விற்றது ஸ்டேஷனரி ஆயிற்று. ஆகவே ‘ஈ-ஆர்’ அந்த வணிகரின் பெயரிலிருந்தே வருகிறது. நகராததைக் குறிக்கும் சொல்லும் ‘நிற்றல்’ என்னும் அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான் என்பது குழப்பத்தைக் கூட்டுகிறது.

இவ்வளவும் நினைவில் நிற்காவிட்டால், ‘பேப்பர்’ ஈ-ஆர் என்றும் ‘கார்’ ஏ-ஆர் என்றும் முடிவதைப் பாருங்கள். விற்பது பேப்பர், பேசின் பாலத்து நெரிசலில் நகராமல் நிற்பது கார்.

கடைசியாக, அச்சகத்தார் தரும் மாதிரிப் படியில் சொல்லின் இறுதியில் எஸ் சேர்த்துப் பன்மையாக்கியிருந்தால் அந்த எஸ்ஸை நீக்கச் சொல்லுங்கள். எத்தனை வகைப் பொருள் விற்றாலும் ஆங்கிலத்தில் இச்சொல் ஒருமையில்தான் வழங்கும்.