கிளிப் போட்ட குழந்தையின் உதட்டையும் கவனியுங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்குப் பல் சீரமைப்புக் கருவி மாட்டியதும் வீட்டில் எல்லார் கண்ணும் கம்பியின் மேல்தான் இருக்கும். உதட்டை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே நாக்கு, வெளியே உதடும் கன்னமும் என்று பற்கள் எப்போதும் இரண்டு பக்கத் தசைகளுக்கு நடுவேதான் நிற்கின்றன.

எச்சில் விழுங்கும்போது நாக்கு பலமாகத்தான் அழுத்துகிறது, ஆனால் ஒரு நொடியில் அது முடிந்துவிடும். சும்மா இருக்கும்போது உதடு தருகிற அழுத்தம் மிக மெல்லியது, ஆனால் மணிக்கணக்கில் நீடிக்கும். பல்லின் இடத்தைத் தீர்மானிப்பதில் பலத்தைவிட நேரத்துக்கே மதிப்பு அதிகம் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் வில்லியம் ப்ராஃபிட் 1978-இல் விளக்கினார். பல் நகர, நாளுக்குச் சுமார் 6 மணி நேரமாவது அழுத்தம் தொடர வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

இது புரியாததால் வருவதுதான் முதல் தவறு. 'பள்ளிக்குப் போகும்போது வேண்டாம், ராத்திரி மட்டும் போட்டுக்கொள்ளட்டும்' என்று நாமே நேரத்தைக் குறைத்துவிடுகிறோம். கழற்றி மாட்டக்கூடிய ஃபிராங்கெல் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் அட்டைகளும் உதட்டுத் திண்டுகளும் பல்லைத் தள்ளுவதில்லை. உதட்டையும் கன்னத்தையும் பல்லிலிருந்து விலக்கிப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. கழற்றி வைத்த நேரமெல்லாம் உதடு பழைய இடத்துக்கே வந்து அழுத்தும்; பகல் முழுக்க அப்படி என்றால் அந்த 6 மணி நேரம் தாண்டிவிடும்.

கீழுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே நிற்கும் கம்பியான லிப் பம்பரில் நடக்கிற தவறு வேறு. அதன் இரு முனைகளும் கீழ்க் கடைவாய்ப்பற்களில் மாட்டியிருக்கும், முன்பகுதி கீழ் முன்பற்களைத் தொடாமல் சற்றுத் தள்ளி நிற்கும். உதட்டின் அழுத்தத்தை அது வாங்கிக் கடைவாய்ப்பற்களுக்குக் கடத்துகிறது. முன்பற்களோ உதட்டின் பிடி விட்டுப்போய், உள்ளிருந்து நாக்கு தரும் அழுத்தத்தால் மெல்ல முன்னே வருகின்றன. 'உதடு துருத்திக்கொண்டு தெரிகிறதே' என்று அந்தக் கம்பியை விரலால் உள்ளே அமுக்கிவிட்டால், அந்த இடைவெளியே போய்விடும். உறுத்தினால் மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் வளைக்காதீர்கள்.

'வாயை மூடு' என்று அதட்டுவதையும் விட்டுவிடலாம். சிறு வயதில் உதடுகள் தானாகச் சேராமல் இருப்பது சாதாரணம். வளர வளர உதட்டின் நீளம் கூடும். வலுக்கட்டாயமாக மூடினால் முகவாயில் சுருக்கம் விழுகிற அளவுக்குத் தசை இறுகும். அந்த இறுக்கம் நமக்கு வேண்டாம். மூக்கடைப்பால் வாய் திறந்திருந்தால் முதலில் மூக்கைத்தான் பார்க்க வேண்டும்.

எத்துப்பல் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கீழுதடு மேல் முன்பற்களின் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். அது மேல்பல்லை இன்னும் வெளியே தள்ளும், கீழ்ப்பல்லை உள்ளே சாய்க்கும். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் பல் வரிசைக்கு வந்ததும் 'சரி, முடிந்தது' என்று ரீட்டெய்னரை (சரிசெய்த பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் கருவி) நிறுத்திவிடுகிறார்கள். கீழுதடு மேல்பல்லின் முன்னால், அதன் நுனியை மூடியபடி தானாக நிற்கிறதா? குழந்தை படிக்கும்போதும் தூங்கும்போதும் பாருங்கள். இன்னும் பின்னால் நழுவுகிறது என்றால், ரீட்டெய்னரை நிறுத்தும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.