முடி ஓரத்துப் பச்சை போன விதம்

அக்கா மகளைப் பச்சைத் திரை முன் எடுத்த படம். பின்னணியை மாற்றினால் நெற்றியோரத்துப் பிசிறு முடியில் மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டே நின்றது, மூன்று நாள் இதிலேயே போயிற்று. ஓரத்தை மங்கலாக்கினேன், முடி மொத்தையானது. பிரஷ்ஷால் அழித்தேன், பாதி முடியே காணோம்.

அப்புறம் 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அந்தப் பச்சை முடி இழையின் வடிவில் இல்லை, கட்டம் கட்டமாக இருந்தது. நான் வைத்திருந்தது ஜேபெக், அதாவது அளவைச் சுருக்கிச் சேமித்த படக் கோப்பு. அதில் வெளிச்ச விவரம் முழுசாக இருக்கும், நிற விவரம் பெரும்பாலும் பாதியோ கால் பங்கோதான், அதனால்தான் அந்தக் கட்டங்கள். கேமராவின் ரா கோப்பை (கேமரா பதிந்த மூலத் தரவை) திறந்து, நிறப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் மாஸ்க்கை (எது தெரியணும், எது மறையணும் என்று சொல்லும் படலத்தை) மறுபடி எடுத்தேன், இழை இழையாக வந்தது.

எண்ணெய் மினுக்கத்தில் மிச்சமிருந்த பச்சைக்கு, முடிப் பகுதியில் மட்டும் பச்சைச் சேனல்மேல் (படத்தின் பச்சை அளவை மட்டும் வைத்திருக்கும் அடுக்கின்மேல்) சிவப்புச் சேனலை 'டார்க்கன்' முறையில், அதாவது இரண்டில் இருண்டதை மட்டும் வைக்கும் முறையில் போட்டேன். பச்சை சிவப்பைத் தாண்டாமல் நின்றது, கறுப்பு முடி கறுப்பாகவே வந்தது. அப்பாடா!