ஏற்காடு ஏறும் பழைய டீசல் வண்டிகள்: பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சேலத்துத் தெருக்களிலும் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் டீசல் அம்பாசிடர், மஹிந்திரா ஜீப், பழைய டாடா சுமோ போன்ற வண்டிகளில், டீசலை அளந்து, அழுத்தி, சிலிண்டருக்குள் அதைப் பீய்ச்சும் நாசிலுக்கு உரிய நேரத்தில் அனுப்பும் வேலை முழுவதையும் ஓர் இயந்திரப் பம்பே செய்கிறது. சென்சாரும் கணினியும் இல்லாததால், பொறுமை உள்ள எவரும் இதைக் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, மேட்டில் இழுக்கவில்லை என்றதுமே பம்பைக் கழற்றிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பம்புதான் இந்த அமைப்பில் மிக உறுதியான பாகம். கோளாறுகளில் பெரும்பங்கு அதற்கு முன்னால், டேங்கிலிருந்து ஃபில்டர் வரையிலான பாதையில், காற்றாலும் தண்ணீராலும் தூசியாலும் வருபவை.

முதலில் பாதையைப் பின்தொடருங்கள். பானெட்டைத் திறந்து, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கையால் தொட்டபடியே தொடர்ந்து செல்லுங்கள். டேங்க், அதிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்பு, ஃபில்டர், மேலே சொன்ன பெரிய பம்பு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இரும்புப் பைப், நாசில், மீந்த டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப் என்பதே வரிசை. நீளவாக்கில் அமைந்த இன்லைன் பம்பில் ஃபீட் பம்பும், கையால் அழுத்தி டீசலை ஏற்ற உதவும் அதன் ப்ரைமரும் பம்பின் பக்கவாட்டிலேயே இருக்கும். உருண்டையான ரோட்டரி பம்பு உள்ள வண்டிகளில் ப்ரைமர் பெரும்பாலும் ஃபில்டரின் தலையில் இருக்கும். இன்லைன் பம்புகள் பலவற்றுக்கு எஞ்சின் ஆயிலே உயவு. ரோட்டரி பம்புக்கோ டீசல்தான் உயவு. ஆகவே மலிவுக்காக மண்ணெண்ணெய் கலந்தால் முதலில் தேய்வது ரோட்டரி பம்புதான்.

அடுத்து தண்ணீரை வடியுங்கள். ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில், பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரால் ஈரம் படிந்து தண்ணீராக அடியில் தேங்கும். ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளர் ஒன்றில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கோடு கிழித்ததுபோல் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை வடியுங்கள். மலையில் வண்டியை நிறுத்துபவர்கள் மாலையிலேயே டேங்கை நிரப்பிவைப்பது நல்லது. ஃபில்டரை மாற்றும்போது ரப்பர் வளையங்களையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வளையத்தை மீண்டும் போடுவது காற்றுக்கு வழிவிடுவதாகும்.

ஏர் எடுப்பது, அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, இந்த வேலையின் உயிர்நாடி என்பதால், அவசரமின்றிச் செய்யுங்கள். டீசல் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். பைப்பில் குமிழ் இருந்தால் பம்பு தள்ளும் விசை அதைச் சுருக்குவதிலேயே வீணாகி, நாசில் திறக்காது. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகை அரைச் சுற்று தளர்த்தி, அடியில் துணி வைத்து, ப்ரைமரை அழுத்துங்கள். முதலில் வெண்மையான நுரை கக்கும், பிறகு இடையிடையே குமிழ் வெடிக்கும், கடைசியில் இழை அறாமல் டீசல் ஓடும்; அப்போது ப்ரைமரும் கையில் கனக்கத் தொடங்கும். அந்த ஓட்டம் இருக்கும்போதே திருகை இறுக்கிவிட்டு, பம்பிலுள்ள ஏர் திருகிலும் இதையே செய்யுங்கள். இதற்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், இரும்புப் பைப்புகளின் நாசில் பக்க நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, டீசல் துளிர்க்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு இறுக்குங்கள். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து நொடிகளுக்கு மேல் சுற்றாமல், இடையில் ஆறவிடுங்கள்.

மறுநாள் காலை மீண்டும் காற்று சேர்ந்திருந்தால் எங்கோ உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது. டீசல் கசியாத இடத்திலும் காற்று உள்ளே போகும், ஏனெனில் ஃபீட் பம்பு உறிஞ்சுவதால் அப்பகுதியில் அழுத்தம் குறைந்தே இருக்கிறது. ஃபீட் பம்புக்கு முன் சிறிது நீளம் ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி, எஞ்சினை ஓட்டிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டேங்க் வரை உள்ள ரப்பர் குழாய், கிளிப், வாஷர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஸ்டார்ட்டே ஆகாத ரோட்டரி பம்பு வண்டியில், சாவியைத் திருப்பும்போது டீசலைத் திறந்து மூடும் மின் வால்வான, பம்பின் ஸ்டாப் சோலனாய்டிலிருந்து ‘டிக்’ என்ற ஒலி வருகிறதா என்பதை இதற்கெல்லாம் முன்பே கேட்டுவிடுங்கள். குளிர்காலக் காலையில் மட்டும் சிரமம் என்றால், டெஸ்ட் விளக்கு வைத்து சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிப்பது போதும்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை அறிய, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நாசில் நட்டைத் துணியால் மூடியபடி ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்துங்கள். எஞ்சினின் ஒலி தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் அதன் நாசிலைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுங்கள். எக்காரணம் கொண்டும் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். நாசில் திறக்கும் அழுத்தம் நூறு பாருக்கு மேல். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். நாசிலை மீண்டும் பொருத்தும்போது அடியிலுள்ள வாஷரைப் புதிதாகப் போடுங்கள். திறந்த பைப் முனைகள் அனைத்தையும் சுத்தமான மூடியால் அடைத்து வையுங்கள்.

புகையைப் படியுங்கள், ஆனால் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாத டீசல். குளிர்ந்த எஞ்சின், தாமதித்த டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) அல்லது டீசலில் தண்ணீர் அதற்குக் காரணமாகலாம். கறுப்புப் புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசலைக் காட்டுகிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டை அடையும்போது, காற்றின் அடர்த்தி சேலத்தில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைகிறது. இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பம்புக்கு அது தெரியாது. கீழே அளந்த அதே அளவையே மேலேயும் அளக்கிறது. எனவே மலை ஏறுகையில் சற்றுக் கறுப்பாகப் புகைவது இயல்பு. இழுவை போதவில்லை என்று பம்பு அனுப்பும் டீசலின் உச்ச அளவை அமைக்கும் ஃபுல்-லோடு திருகைத் திருகிக் கூட்டினால், அந்த டீசலுக்குக் காற்று கிடைக்காமல் புகையும் சூடும்தான் கூடும், பிஸ்டன் பழுதாகும். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், ஆக்சிலரேட்டர் கம்பி பம்பின் லிவரை முழுவதுமாக இழுக்கிறதா என்று பாருங்கள். சமவெளியிலும் கறுப்பாகவே புகைந்தால் மட்டும் நாசிலையும் டைமிங்கையும் சந்தேகிக்கலாம்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால், பம்பைச் சேலத்தில் உள்ள டீசல் பம்பு கேலிப்ரேஷன் (அளவு சரிபார்க்கும்) பட்டறை ஒன்றுக்கு எடுத்துச் செல்லலாம். ஈய முத்திரையை உடைத்து வீட்டில் திறக்காதீர்கள். உள்ளே டீசலை அழுத்தும் பிளஞ்சருக்கும் அது நகரும் உருளையான பேரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. கழற்றுவதற்கு முன் பம்பின் ஃபிளாஞ்ச்சிலும் (எஞ்சினோடு போல்ட்டால் இணையும் விளிம்பு) எஞ்சின் உடலிலும் சேர்த்து ஒரே கோடாகக் கீறிக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது அக்கோடு நேராக நின்றால் டைமிங் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வரும். பிறகு கையேட்டில் உள்ள அளவுப்படி சரிபார்த்து, ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம்.