வேக்போர்டிங்குக்காக வாங்கும் முதல் பழைய படகு: திருகோணமலையில் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடும் படகு கயிற்றால் இழுக்க, காலில் பூட்டிய போர்டில் நின்று தண்ணீரில் சறுக்குவதுதான் வேக்போர்டிங். அதற்குப் படகு பார்க்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சின் மூடியைத்தான் திறக்கிறார்கள். எஞ்சின் கெட்டால் கழற்றி வேறொன்று பூட்டலாம். உடம்பு உக்கியிருந்தால் அப்படிச் செய்ய முடியாது. கிழிந்த இருக்கை, மங்கிய பெயின்ற் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

வாடையில் வாங்குவது

ஒக்டோபர் கடைசியில் விற்பவர் விலை இறங்கி வருவார். ஆனால் அந்த நேரம் வாடைக்காற்றில் கடல் குழம்புவதால் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ படகை இறக்கி முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க முடியாது. கடல் அடங்கியிருக்கும் மே முதல் செப்டெம்பர் வரைக்குள், காற்று எழுமுன் காலையில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பின்பலகையைப் பார்க்காமல் காசு கொடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எஞ்சின் தொங்கும் பின்பலகை வெளியே பைபராகத் தெரியும். பெரும்பாலான பழைய படகுகளில் அதற்கு உள்ளே இருப்பது பிளைவூட். எஞ்சின் போல்ற் துளை, தண்ணீர் வடிக்கும் அடைப்பான் துளை, ஏணி பூட்டிய ஸ்குரூ துளை ஆகியவற்றில் பூசிய சீலன்ற் வெடித்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். பைபர் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பலகை ஊறிய ரஸ்க் மாதிரி ஆகிவிடும்.

மீன்பிடிக்குத் தாங்கிய பலகை வேக்போர்டிங்குக்குத் தாங்காது. 90 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறத்தாழ 160 கிலோ. போர்டில் இருப்பவரைத் தண்ணீரிலிருந்து தூக்க, நின்ற படகை ஒவ்வொரு முறையும் பலமாக முடுக்க வேண்டும். ஆரம்பக்காரர் விழுந்துகொண்டே இருப்பார். ஒரே காலையில் அது இருபது முப்பது தடவை நடக்கும். அத்தனை இழுவையும் அந்தப் பலகையில்தான் விழுகிறது.

எஞ்சினைப் பாதி உயர்த்தி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் பின்பலகையின் இரு மூலைகளையும் பார்க்கட்டும். பலகை அசைந்தாலோ, மூலையில் மயிர்க்கோடு போல வெடிப்பு விரிந்தாலோ அந்தப் படகு வேண்டாம். அசையாவிட்டால் ஸ்குரூட்ரைவர் பிடியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. நல்ல இடம் ‘டக்’ என்று இறுக்கமாகக் கேட்கும், உக்கிய இடம் ‘பொத்’ என்னும். தண்ணீர் தங்குவது அடியில் என்பதால் அடைப்பான் துளையைச் சுற்றி நிதானமாகத் தட்டுங்கள். போல்ற் வாஷர்கள் பைபருக்குள் அமிழ்ந்திருந்தால், மெத்துப்போன பலகையை இறுக்கி இறுக்கி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைசிச் சோதனை: உரிமையாளரிடம் கேட்டு, உட்பக்கம் அடியில் 4 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். வரும் தூள் வெளிர்மஞ்சளாக, காய்ந்து உதிர்ந்தால் நல்லது. கறுத்து ஈரமாக ட்ரில் அலகில் ஒட்டினால் உள்ளே உக்கிவிட்டது. நல்ல பலகையென்றால் துளையை எப்பொக்சியால் அடைத்துவிடலாம். துளை போட விடாவிட்டால் ஏற்கெனவே அடியில் பூட்டியிருக்கும் ஸ்குரூ ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். மரையில் ஈரமும் கபில நிறப் பிசுக்கும் இருந்தால் அதுவே பதில்.

முழுப் படகும் பழையதாக இருக்க, பின்பலகைக்கு மட்டும் புதுப் பெயின்றோ அலுமினியத் தகடோ இருந்தால் கூடுதல் சந்தேகம் வேண்டும். அதைப் பார்த்து மயங்கி மே மாதம் வாங்குகிறவர், ஜூலையில் எஞ்சினை இறக்கி, உட்தோலை வெட்டி, உக்கியதைச் சுரண்டி, மரைன் பிளைவூட் அடுக்கி, மறுபடி பைபர் போட வேண்டி வரும். அந்தப் பருவமே போய்விடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரைகளுக்கு அவசரமாகச் செய்து வந்த படகுகளில் தரம் குறைந்தவையும் உண்டு. அந்த வயதுப் படகு என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை.

சூடான எஞ்சினைப் பார்ப்பது

நீங்கள் போகுமுன்பே ஓடிச் சூடாகியிருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். ஆறிய எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் தெரிய வேண்டும். பிறகு கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளந்து பாருங்கள்: சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது.

கியர் ஒயிலைத் திறக்காமல் விடுவது

கியர் பெட்டியின் அடித் திருகைத் தளர்த்துங்கள். ஒயில் பால் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். புரொப்பெல்லரையும் கழற்றுங்கள், தண்டில் சுற்றிய தங்கூசி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ஒயில் சீல் வளையத்தை வெட்டியிருக்கலாம். வலை போடும் கடலில் இது சாதாரணம்.

ஏரிப் படகை உப்பில் இறக்குவது

வேக்போர்டிங்குக்கென்றே செய்த உள் எஞ்சின் படகுகள் பல, வெளித் தண்ணீரை நேரடியாக உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விப்பவை. கடல் நீர் அதன் இரும்பை உள்ளிருந்து அரிக்கும். கடல் நீர் எஞ்சினுக்குள் போகாமல், குளிர்விக்கும் திரவம் உள்ளேயே சுற்றும் மூடிய குளிரூட்டல் இல்லாவிட்டால் வேண்டாம்.

உரிமைப் பத்திரம் இல்லாத படகு

வாங்காதீர்கள்.

கயிற்றை எஞ்சினில் கட்டுவது

ஒருபோதும் கூடாது. இழுவைக் கம்பமோ, பின்பலகையின் இரு வளையங்களையும் சேர்க்கும் முக்கோணக் கயிறோ வேண்டும். அந்த வளையங்களின் உட்பக்கத்தில் அகலமான உலோகத் தகடு வைத்து நட் இறுக்கியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் வாஷர் மட்டும் தட்டுப்பட்டால், ஆளை இழுக்குமுன் தகடு போட வேண்டும்.