உதிர்ந்த முடியும் கொள்ளுப் பருப்பும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் நான், எடையைக் குறைப்பதற்காக மூன்று மாதங்கள் இரவு உணவை விட்டு, காலையில் தேநீரும் பன்னுமாகக் காலம் தள்ளியதன் விளைவு, சீப்பில் கற்றை கற்றையாகத் தெரிந்தது. எண்ணெய்களை மாற்றியதில் பணம்தான் கரைந்தது. இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பு, குறைவாக இருந்ததால் மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். முடியே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது என்பதால், அம்மாவின் கொள்ளுப் பருப்பும் முட்டையும் அன்றாடமாயின. முருங்கைக்கீரையின் இரும்பை உடல் ஏற்க உதவும் வைட்டமின் ‘சி’க்காக நெல்லிக்காயைச் சேர்த்து, இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன் (கடினமாக இருந்தது இது ஒன்றுதான்). முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே வளரும், நான்காம் மாதத்தில்தான் நெற்றியோரம் குட்டி முடிகள் தென்பட்டன.