சவரக்கத்திக்குப் புதிய பிடியும் ஆப்பும் செய்யும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த என் பெரியப்பாவின் மடக்குச் சவரக்கத்தி என்னிடம் வந்தபோது, அதன் இரும்பில், கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மானிய நகரமான சோலிங்கனின் முத்திரை தெளிவாக இருந்தது. பிடி மட்டும் ஆணிக்கு அருகில் விரிசல் விட்டு, ஒரு பக்கம் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நானே பிடி செய்ததில் கற்றுக்கொண்டதை, மரவேலை தெரியாதவர்களும் பின்பற்றும்படி இங்கே எழுதுகிறேன்.

சவரக்கத்தியின் பிடி என்பது இரண்டு மெல்லிய பலகைகள். ஒரு முனையில் அவற்றுக்கு நடுவே கத்தியின் தண்டு, அதாவது கூரில்லாத அடிப்பகுதி, அச்சாணியில் சுழல்கிறது. மறுமுனையில் இரண்டு பலகைகளுக்கும் இடையே ஒரு சிறிய ஆப்பு வைத்து ஆணி அடிக்கப்பட்டிருக்கும். புதிதாகச் செய்பவர்கள் பலகையின் அழகிலேயே நாளெல்லாம் செலவிட்டு, ஆப்பைக் கடைசி அரைமணி நேர வேலையாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் கத்தி மூடும்போது நடுவில் இறங்குகிறதா, பலகையில் உரசுகிறதா என்பதை முடிவு செய்வது அந்த விரல்நக அளவுத் துண்டுதான்.

பழைய பிடியைக் கழற்றுதல்

முதலில் கத்தியின் வாய் முழுவதையும் தடித்த ஒட்டுநாடாவால் இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள்; வேலை முடியும்வரை அதை எடுக்க வேண்டாம். ஆணியின் தலையை ஒரு பக்கம் மட்டும் அரத்தால் தேய்த்துச் சமமாக்கி, வாஷரை நீக்கி, ஆணியைவிட மெல்லிய கம்பியால் மறுபக்கம் தள்ளுங்கள். பழைய பிடி செல்லுலாய்டு என்னும் பழங்காலப் பிளாஸ்டிக்காக இருந்தால் அதை மின்கருவியால் தேய்க்கக் கூடாது, ஏனென்றால் அது எளிதில் தீப்பற்றும். மேலும், சிதையத் தொடங்கிய செல்லுலாய்டிலிருந்து வெளியேறும் அமில ஆவி இரும்பை அரித்துவிடும் என்பதால், அத்தகைய பிடியைக் கத்தியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

மரம்

நான் எடுத்தது ரப்பர் மரம். 1877ஆம் ஆண்டு எங்கள் மாவட்டத் தலைநகரான குவாலா கங்சாரில் நடப்பட்ட நாற்றுகளிலிருந்து தொடங்கிய மரம் இது. பால் வெட்டி வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு வேறு மரம் எடுக்க மனம் வரவில்லை. இருப்பினும் தோட்டத்தில் வெட்டிப் போட்ட கட்டையை நேரடியாக எடுத்துவிடாதீர்கள். வெட்டிய சில நாள்களிலேயே அதில் நீலப்பூசணம் படரும், வண்டும் துளைக்கும். மருந்திட்டு உலர்த்திய மரத்தின் கழிவுத் துண்டுகளைத் தளவாடத் தொழிற்சாலைகளில் கேட்டு வாங்குவதே சரி. அங்கே கிடைப்பவற்றில் விரல் கோத்ததுபோல் இணைத்த துண்டுகள் நிறைய இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு, நீளவாக்கில் நேராக ரேகை ஓடும் ஒரே துண்டாகத் தேர்ந்தெடுங்கள். மெர்பாவ் மரத்தை நான் தவிர்த்தேன், ஏனெனில் ஈரம் படும்போது அதிலிருந்து கறை இறங்கும், இரும்போடு சேர்ந்தால் கருக்கும்.

அட்டை மாதிரி

மரத்தைத் தொடுவதற்கு முன் தடித்த அட்டையில் பிடியின் உருவத்தை வரைந்து வெட்டுங்கள். நீளம் சுமார் 150 மி.மீ., அகன்ற இடத்தில் 18 முதல் 20 மி.மீ. போதும். அச்சாணித் துளையை முனையிலிருந்து 10 மி.மீ. உள்ளே குறித்து, ஒரு குண்டூசியால் கத்தியை அட்டையின் மேல் பொருத்தித் திறந்து மூடிப் பாருங்கள். மூடிய நிலையில் வாய் பலகையின் ஓரத்துக்கு உள்ளே மறைய வேண்டும், முதுகு மேலே சிறிது தெரிய வேண்டும், நுனி ஆப்பு வரும் இடத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். அட்டை வீணானால் வேறு அட்டை எடுத்துக்கொள்ளலாம்.

பலகையும் துளையும்

3 மி.மீ. தடிப்புள்ள இரண்டு பலகைகளை இருபக்க ஒட்டுநாடாவால் ஒன்றோடொன்று ஒட்டி, மாதிரியை வரைந்து, கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, அரத்தால் கோடுவரை கொண்டுவாருங்கள். சேர்த்தே தேய்ப்பதால் இரண்டும் ஒன்றுபோலவே அமையும். ஒட்டிய நிலையிலேயே 1.6 மி.மீ. துளைப்பான் ஊசியால் இரண்டு முனைகளிலும் செங்குத்தாகத் துளையிடுங்கள். மரத்தூள் மூச்சில் போகாதபடி முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

ஆப்பு

பழைய கத்திகளில் ஈயத்தால் செய்த ஆப்பைக் காணலாம். ஈயத்தூள் நஞ்சு என்பதால் வீட்டில் அது வேண்டாம். நான் முற்றிய தேங்காயின் சிரட்டையில் செய்தேன். சிரட்டை வளைந்திருப்பதால் இரண்டு பக்கமும் சமமாக்கும்போது தடிப்பு குறையும், ஆகவே 4.5 மி.மீ.க்குக் குறையாத துண்டாகத் தேடுங்கள். அதை 20 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு முகமும் தட்டையாக, 3 மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவந்து, முகங்கள் இணையாக இருக்கும்போதே ஆணித் துளையைப் போட்டுவிடுங்கள். சரித்த பிறகு துளையிட்டால் ஊசி வழுக்கும்.

இப்போது சரிவு. அச்சாணியை நோக்கிய முனை 3 மி.மீ. தடிப்பிலேயே இருக்க, பிடியின் கடைசி முனை 2 மி.மீ. ஆக வேண்டும். பலகைகளை இந்தச் சரிவின்மேல் வைத்து ஆணியால் இறுக்கும்போது, அவை அச்சாணிப் பக்கம் விரிந்து செல்லப் பார்க்கும். அங்கே கத்தியின் தண்டு அவற்றை அவ்வளவு விரிய விடாது, அச்சாணி உள்ளே இழுத்துப் பிடிக்கும். இந்த இழுவையால் பலகைகள் நடுவில் இலேசாக வெளிப்பக்கம் வளைகின்றன. அந்த வளைவே கத்தி உரசாமல் இறங்க இடம் தருகிறது, அச்சாணியில் கத்தி தொளதொளவென்று ஆடாமலும் பிடித்துக்கொள்கிறது. சரிவே இல்லாத ஆப்பு வைத்தால் இவை இரண்டும் கிடைக்காது.

சரிவை உருவாக்க, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் 220 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். ஆப்பின் முகத்தில் பென்சிலால் குறுக்கே ஐந்தாறு கோடுகள் போட்டு, மெல்லிய முனைப் பக்கம் மட்டும் விரலை அழுத்தித் தேயுங்கள். பென்சில் கோடுகள் அந்த முனையிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வரும். பத்து இழுப்புக்கு ஒருமுறை திருப்பி மறுமுகத்தையும் அதே பத்து இழுப்பு தேயுங்கள். ஒரு முகம் மட்டும் சரிந்தால் கத்தி ஒரு பக்கமாகச் சாயும். நீளவாக்குச் சரிவைப் போலவே அகலவாக்கையும் கவனியுங்கள். மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் இடையே வரும் சரிவு இட முகத்திலும் வல முகத்திலும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் பலகைகள் முறுக்கிக்கொள்ளும். நான் செய்த முதல் பிடியில் இதைக் கவனிக்காமல் ஆணியடித்துவிட்டேன். மூன்றாவது முறை மூடும்போது வாய் இடப்பலகையில் இடித்து, பெரியப்பா அத்தனை ஆண்டுகள் தீட்டிக் காத்த கூரில் ஒரு சிறு பல் விழுந்தது. அதைத் தீட்டிச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது.

பூச்சு

பலகைகளைப் பிரித்து, 220, 400, 600 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேய்த்து, 2.5 மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பின், பூசுங்கள். உட்பக்கத்தையும் இப்போதே பூசியாக வேண்டும், ஆணியடித்த பிறகு அங்கே கை போகாது. நம் ஊர் ஈரக்காற்றில் பூசாத உட்பக்கம் நீரை உறிஞ்சி வளையும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பின் எறியுங்கள்.

பொருத்திப் பார்த்தல், ஆணியடித்தல்

நேரடியாக ஆணியடிக்க வேண்டாம். துளைக்குள் நுழையும் சிறு திருகாணிகளால் முழுவதையும் பூட்டி, தண்டின் இரண்டு பக்கமும் மெல்லிய பித்தளை வாஷர் வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து மெதுவாக மூடுங்கள். கத்தியின் இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் ஆப்பை எடுத்து நாலைந்து இழுப்பு தேய்த்து மறுபடியும் பாருங்கள். எனக்கு இது ஆறேழு முறை ஆகிறது.

சரியானதும் 1.6 மி.மீ. பித்தளைக் கம்பியை, பலகைகளின் வெளிப்பக்கத்தில் வைக்கும் வாஷருக்கு மேல் இரு பக்கமும் 1 மி.மீ. நீட்டும்படி வெட்டி, முதலில் ஆப்பு முனையிலும் பிறகு அச்சாணியிலும் செருகுங்கள். இரும்புக் கட்டையின்மேல் வைத்து, உருண்டை முனையுள்ள சிறு சுத்தியலால், கம்பியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். பலமாக ஓர் அடி அடித்தால் கம்பி துளைக்குள்ளேயே வளைந்து பலகையைப் பிளக்கும். இருபது தட்டுக்கு ஒருமுறை புரட்டி, மறுபக்கமும் அவ்வாறே தட்டினால் இரண்டு தலையும் காளான்போல் குவிந்து வரும். அச்சாணியில் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியைத் திறந்து பார்த்து, விரலால் நகர்த்தினால் நகர்ந்து விட்ட இடத்தில் நிற்கும் நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இனி வாயில் சுற்றிய நாடாவை எடுத்து, பசையைத் துடைத்து, இரும்பில் ஒரு துளி தேங்காயெண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி மூடி வையுங்கள்.